பதினேழு

இயற்பியல் போய்விட்ட வருஷம்.
மறுதேர்வுக்குப் பணம் கட்டிவிட்டுச் சும்மா கிடந்தவளை
கோரையாற்றுப் பாலத்துக்கு அந்தண்டை
நெல் பிடிக்கிற நிலையத்தில் உட்காரவைத்தார்கள்.
கையெழுத்து அழகாம்.
நாளுக்கு அறுபது ரூபாய், ஒரு டீ.
மழை பெய்தால் டீ மட்டும்.

முதல் நாள் கழுத்தெல்லாம் சுணை.
இரண்டாம் நாள் காதுக்குள்.
மூன்றாம் நாள் சொறிவதை நிறுத்திவிட்டேன்.
வேலை பழகுவது என்பது அதுதான் போல.

பச்சை அட்டைப் பேரேடு அரசாங்கத்துக்கு.
மயில் படம் போட்ட நாற்பது பக்க நோட்டு
வேறு கணக்குக்கு.
மூட்டைக்கு இவ்வளவு என்று
பட்டியல் எழுத்தர் துரைமாணிக்கம் சொல்லச் சொல்ல
நான் எழுத வேண்டும்.
தலைப்பு என்ன சார் போட?
'இதர'ன்னு போடு பாப்பா.

அப்புறம் அந்த ஈரமானி.
ஒரு கை நெல்லைக் கிண்ணத்தில் கொட்டி
மூடியைத் திருகி இறுக்கிப் பொத்தானை அழுத்தினால்
சிவப்பில் ஓர் எண் துடித்துத் துடித்து நிற்கும்.
பதினேழுக்குள் என்றால் தராசுக்கு.
மேலே போனால் ரோட்டுக்கு, காயப்போட.
எனக்கும் பதினேழுதான் நடந்தது அப்போது.
என் அப்பாவைவிட மூத்த ஆட்கள்
தலைத்துண்டை இடுப்புக்கு இறக்கி,
முகத்தைப் பார்க்காமல்
என் விரலைப் பார்த்து நின்றார்கள்.
சொல்லக் கூடாதுதான்,
எனக்கு அது பிடித்திருந்தது.

பக்கிரியம்மாள் வந்தது புரட்டாசிக் கடைசி.
கோயில் நிலம், குத்தகை, மூன்று மா.
அவள் மகள் சித்ரகலா என் வகுப்பு.
இயற்பியல் பரீட்சையில் விடைத்தாளைக்
கையால் மறைத்துக்கொண்டே எழுதித் தேறியவள்.

திருகினேன்.
பதினெட்டு என்றது, பதினேழு என்றது,
பதினேழு புள்ளி மூன்றில் நின்றது.
துரைமாணிக்கம் வெற்றிலைக்குப் போயிருந்தார்.
மூட்டை தூக்குகிற சாமியய்யா
அந்த மூன்றை விட்டுவிடச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.
முந்தின வாரம்தான்
ரைஸ்மில்காரர் மச்சானின் பதினெட்டரையை
பதினாறு புள்ளி ஒன்பது என்று
வளைவு நெளிவு கெடாமல் எழுதியிருந்தேன்.

பக்கிரியம்மாளுக்கு
உள்ளதை உள்ளபடி எழுதினேன்.
அந்த மாதம் முழுக்க
நான் எழுதிய ஒரே உண்மை அது.

ராத்திரி பிடித்த மழை விடியும்வரை விடவில்லை.
காலையில் போனால், ரோட்டோரம்
படுதா பற்றாத பக்கம் பாய்,
பாய் பற்றாத பக்கம்
அவளே குவியல்மேல் சாய்ந்து கிடந்தாள்.
என்னைத் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
இன்னிக்கி எவ்வளவு காட்டுது பாரும்மா என்றாள்.
பார்த்தேன்.
எண் நிற்கவே இல்லை, துடித்துக்கொண்டே இருந்தது.
நாலாம் நாள் குவியலின் அடியில்
வெள்ளை வெள்ளையாக முளை.

இருபத்தாறு நாளில் மழை நாள் ஏழு போக
ஆயிரத்து நூற்று நாற்பது கணக்கு.
கையில் வந்தது ஆயிரத்து இருநூற்று நாற்பது.
நிமிர்ந்து பார்த்தேன்.
'இதர' என்றார் துரைமாணிக்கம்,
எச்சில் விரலோடு அடுத்த கட்டை எண்ணிக்கொண்டே.
மடித்து வைத்துக்கொண்டேன்.
நோட்டுக்குள்ளும் சுணை இருந்தது.

அந்த நூறில் நீடாமங்கலம் கடைத்தெருவில்
பூப்போட்ட குடை ஒன்று வாங்கினேன்.
ஐப்பசியில், பேருந்து நிறுத்தத்தில்,
எதிர்பாராமல் சித்ரகலா அதற்குள் வந்து நுழைந்தாள்.
புதுசா?
ம்.
கம்பியைத் தொட்டுப் பார்த்தாள்.
நெல் என்ன ஆச்சு என்று நான் கேட்கவில்லை.
அவளும் எதுவும் சொல்லவில்லை.
வண்டி வர முக்கால் மணி நேரம் ஆனது.

மறுதேர்வில் தேறினேன், அது வேறு கதை.
குடை சின்னது.
யாருடைய தோள் நனைந்தது அன்றைக்கு?
இத்தனை வருஷமாய்த் திருகித் திருகிப் பார்க்கிறேன்,
ஒரு பக்கமாய் நிற்க மாட்டேன் என்கிறது.