ஏழாம் நம்பர் லோரி

பகாவ் மில்லின் எடைப்பாலத்தை ஒட்டி
ஒரு தகரக் கூண்டு. அதில் நான், ஒரு விசிறி,
சீட்டு துப்பும் பழைய பிரிண்டர்.
செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள்
விடிவதற்குள் வரிசை கட்டிவிடும்.

சன்னாசி ஓட்டும் ஏழாம் நம்பர்
குலைக்கணக்குக்கு இருநூறு கிலோ குறைவாய் நிற்கும்.
வழியில் இறக்கி விற்கிறான் என்றார் மண்டோர் அமல்தாஸ்.
"அவன் மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கே"
என்றான் கேண்டீனில் தே ஓ ஆற்றிக்கொண்டிருந்தவன்.
நானும் தலையாட்டினேன்.
ஆட்டியது இந்தத் தலைதான்; மறைப்பதற்கில்லை.

அவன் புது மோட்டார் வாங்கியதும்
அதுவும் வந்து பொருத்தமாய்
உட்கார்ந்துகொண்டது கதையில்.

இரவில் நான் மாணவி.
பஸ் நிலையத்துக்குப் பின்னால் வாடகை அறை,
சன்னலுக்குக் கீழே பசார் மாலாமின் ஜெனரேட்டர் இரைச்சல்.
அன்றைய கேள்வி:
கண்டது எது, கேட்டது எது, கருதியது எது?
உன் அன்றாடத்திலிருந்து ஓர் உதாரணம் தந்து பிரித்தெழுது.

உதாரணம்தான் கைவசம் இருக்கிறதே என்று
சன்னாசியை எழுதத் தொடங்கினேன்.
'கேட்டது' நிரம்பி வழிந்தது.
'கருதியது' அடுத்த பக்கத்துக்கு ஓடியது.
'கண்டது' என்ற கட்டத்தில்
ஒரு மோட்டார் சைக்கிள் தனியாக நின்றது.
அதற்கும் மாதத் தவணை இருக்கலாம்.

மறுநாள் பழைய சீட்டுக் கட்டுகளை அவிழ்த்தேன்.
கரையான் தின்றது போக மூன்று மாதம்.
ஏழாம் நம்பர் குறைந்த நாளிலெல்லாம்
மூன்றாம் நம்பரும் பதினொன்றும்கூடக் குறைந்திருந்தன.
யாரும் பார்க்கவில்லை.
அந்த ஓட்டுநர்களின் மூஞ்சியில்
யாரும் எதையும் எழுதி ஒட்டவில்லை.

நோட்டில் புதிதாக ஒரு பத்தி கிழித்தேன்: மழை.

அடைமழை விட்ட ஒரு காலை
காலி லோரி ஒன்றைத் தட்டின் முன்முனையில் நிறுத்தினேன்,
பிறகு பின்முனையில்.
"அபா நி, காக்?" என்று ஹார்ன் அடித்தான் ஹஃபீஸ்.
நூற்று எண்பது கிலோ வித்தியாசம்.
தட்டுக்கு அடியில், மேற்கு மூலையில்,
சேறு இறுகி முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது.
வாரியபோது ஆறு வாளி. ஓர் அறுந்த செருப்பு.

மூன்று வாரம் எல்லாம் நேராய் வந்தன.
சன்னாசியிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை;
சந்தேகத்தையும் நேரில் சொன்னதில்லையே.
நான் மட்டும் சீட்டை நீட்டும்போது
"சாப்டாச்சா?" என்றேன்.
அது மன்னிப்பு என்று அவனுக்குத் தெரிய வழியில்லை.

கட்டுரைக்கு ஐம்பத்தெட்டு.
'உதாரணம் நன்று. முடிவு உறுதியாக இல்லை'
என்று சிவப்பில் எழுதியிருந்தார்கள்.

நேற்று நல்ல வெயில்.
குனிந்து பார்த்துவிட்டேன், சேறில்லை.
ஏழாம் நம்பர்: தொண்ணூறு கிலோ குறைவு.
மண்டோர் சன்னலில் தலையை நீட்டினார்:
"இப்ப என்ன சொல்றே, கிராணியம்மா?"

அவன் அப்படிப்பட்டவனில்லை என்று
வாய்வரை வந்தது.
வந்த வேகத்தைப் பார்த்துத்தான் பயந்தேன்.
அன்று தலையாட்டியதும் இதே வேகம்.

தேதி. நேரம். வெயில். தொண்ணூறு.
காரணம் என்ற பத்தியில் பேனாவை வைத்தேன்,
எடுத்தேன்.
அடுத்த லோரியைக் கையசைத்து
ஏறச் சொன்னேன்.