திருட்டுக் காற்று

ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும்
எஞ்சின் ஊளையிட்டுக்கொண்டே இருந்தால்
எங்கோ ஒரு சந்து வழியாகக்
காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது.
இதை இங்கோல்ஃப் ஒப்புக்கொள்ள
ஒரு மணி நேரமும் இரண்டு காப்பியும் ஆயின.

ஜெட் அடைப்பு என்றான்.
ஊசியை ஒரு படி ஏற்று என்றான்.
பிளக்கைக் கழற்றி அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன்.
காப்பித்தூள் நிறத்தில் இருக்க வேண்டிய முனை
சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.
"இப்படியே ஓட்டினால்
கெம்னிட்ஸ் போய்ச் சேர்வதற்குள் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.
பஸ்ஸில் வந்தாய், பஸ்ஸிலேயே போ."

ஆமாம், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு
பஸ்ஸில் வந்திருந்தான், ஆறு வருடம் கழித்து.
விவாகரத்துப் பத்திரத்தில் சோபா இருக்கிறது,
பனிச்சறுக்குப் பலகை இரண்டு ஜோடி இருக்கிறது,
என் நிலக்கரிக் கொட்டகையில் நிற்கும்
இந்த இருநூற்றைம்பது சி.சி. டூ-ஸ்ட்ரோக் பற்றி
ஒரு வார்த்தை இல்லை.
கேட்டான். எடுத்துக்கொள் என்றேன்.

பிரேக் கிளீனரை நான் பீய்ச்ச
அவன் காதைச் சாய்த்துக் கேட்டான்.
ரப்பர் குழாயின் கிளிப்பில்: மாற்றமில்லை.
கார்புரேட்டர் மூடியில்: மாற்றமில்லை.
இன்லெட் சிலிண்டரோடு சேரும் இடத்தில்
ஒரே ஒரு பீய்ச்சல்,
எஞ்சின் தொண்டையைச் செருமிக்கொண்டு தணிந்தது.
"அங்கே" என்றோம், இருவரும் ஒரே நேரத்தில்.
நாங்கள் அப்படி ஒத்துப்போய் வெகுகாலம் ஆகிறது.

இரண்டு நட்டு. ஒன்று விரலாலேயே சுழன்றது.
பிரித்தால் உள்ளே சிவப்பு சிலிகான்,
செத்த மண்புழுக்களாக.
"எந்த முட்டாள் பார்த்த வேலை இது?" என்றேன்.
அவன் மழையைப் பார்த்தான்.

கேஸ்கெட்டைக் கத்தி முனையால் நெம்பி எடுத்தேன்.
ஓட்டை வட்டமாகவே இல்லை.
துவாரத்தின் மேல் பிறை போல அட்டை நீட்டிக்கொண்டிருந்தது.
எங்கள் கடைசிக் கோடை முழுவதும்
இந்த வண்டி மூக்கைப் பொத்திக்கொண்டு
மலை ஏறியிருக்கிறது, இரண்டு பேரைச் சுமந்து.

முட்டாளை இன்னும் கொஞ்சம் திட்ட வாயெடுத்தவள்
அட்டையைத் திருப்பினேன்.
எண்ணெயில் ஊறியும் அழியாத பச்சை எழுத்து:
'மூன்று வேளை, உணவுக்குப்'
அதற்கு மேல் வெட்டுப்பட்டிருந்தது.
நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைப் பெட்டி.
நகம் வெட்டும் வளைந்த கத்தரி கடித்த விளிம்பு.
அந்தக் கத்தரி இன்றைக்கும்
என் குளியலறை ஆணியில் தொங்குகிறது.

அவனுக்கு நினைவிருக்குமா?
முதுகைக் காட்டிக்கொண்டு
கண்ணாடித் துண்டின் மேல் மணல்தாளை நனைத்து விரித்து
ஃபிளேஞ்சை எட்டு எட்டாகத் தேய்த்துக்கொண்டிருந்தான்.
அட்டை என் சட்டைப் பைக்குள் போனது.

புதியதை ஒழுங்காகச் செய்தோம்.
அரை மில்லிமீட்டர் தாளை ஃபிளேஞ்ச் மேல் பரப்பி
உருண்டைத் தலைச் சுத்தியலால்
விளிம்பு நெடுகத் தட்டிக்கொண்டே போனால்
உலோகமே தாளை வெட்டித் தந்துவிடும்,
கத்தரி வேண்டாம்.
துவாரத்தைச் சுற்றி விரலை ஓட்டினேன்.
எங்கும் இடறவில்லை.
"கொஞ்சம் சிலிகான்?" என்றான்.
வேண்டாம்.
இந்த நட்டு அரைச் சுற்று, அந்த நட்டு அரைச் சுற்று.
அலுமினியம்,
கோபத்தோடு இறுக்கினால் வளைந்துகொள்ளும்.

மூன்றாவது உதையில் பிடித்தது.
நீலப்புகை கொட்டகையை நிரப்ப,
எதிர்வீட்டு ஃப்ராவ் ட்ரோகர் சன்னலைச் சாத்தினாள்.
கொடுத்தால் எழுந்தது, விட்டால் அமர்ந்தது.
ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவன் ஏதோ சொன்னான்.
நானும் ஒன்று சொல்ல இருந்தேன்.
கையுறையை மாட்டிவிட்டான்.

மர ஆலைத் திருப்பத்தில்
அவன் ஆக்ஸிலேட்டரை விடுவது
இங்கிருந்தே கேட்டது.
சத்தம் சட்டென்று விழுந்தது, விழ வேண்டிய அளவுக்கு.

சட்டையை அறுபது டிகிரியில்
இரண்டு முறை துவைத்தாயிற்று.
பையில் அந்தப் பிறை அப்படியே இருக்கிறது.