சிவப்பு அம்பு

பேர்ணாம்பட்டு ஷூ கம்பெனியில்
குறை பார்ப்பது என் வேலை.
தோலில் ஒரு கீறல், தாண்டிப்போன தையல்,
பசை வழிந்த விளிம்பு,
கண்ட இடத்தில் விரல்நகம் அளவு
சிவப்பு அம்பு ஒட்டுவேன்.
ஒட்டினால் போதும், திரும்பப் போகும்.
உனக்கு எதற்கு என்று யாரும் கேட்டதில்லை.

பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள்.

மேலாண்மைக் குழுத் தலைவருக்கு நிற்கிறேன் என்றதும்
எச்.எம். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"ஹேமாவதி அம்மாவே இருக்கட்டும்னு
பேசி வெச்சாச்சேம்மா."
வீட்டுக்காரர் சோற்றில் கை வைத்தபடி
"இன்னாத்துக்கு? அரைநாள் கூலி போவும்" என்றார்.
போகும்தான். இருநூற்றுப் பத்து ரூபாய்.

பெரிய யோசனை ஒன்றுமில்லை.
ஜூலையில் ஒருநாள் சின்னவளின் தண்ணீர் பாட்டில்
நிரப்பியபடியே திரும்பி வந்தது.
மறுநாளும். அதற்கு மறுநாளும்.
"குடிச்சா போவணும்மா.
கதவுக்குத் தாப்பா இல்ல.
ஜோயாதான் புடிச்சிக்குவா. அவளுக்கு ஜுரம்."

கம்பெனி பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி
ஓட்டுக் கேட்டேன்.
சாயங்காலம் தெருக்குழாயடியில் பிள்ளைகளைக் கேட்டேன்,
நோட்டில் எழுதிக்கொண்டேன்.
விசிறி போட்டால் பாடம் கேட்காது.
கணக்கு சார் அப்பா பேரைச் சொல்லித் திட்டுவார்.
உடைந்த முட்டை எப்போதும் எனக்குத்தான்.
ஒருவன் வெகுநேரம் நின்றான்.
"எழுதிக்காதீங்க" என்று ஆரம்பித்து
ஒன்றும் சொல்லாமலே போனான்.
அவனுக்கு ஒரு வெறும் கோடு போட்டு வைத்தேன்.

இவர்களுக்கு ஓட்டு இல்லை.
ஓட்டு இருப்பவர்கள் ஷிஃப்டில்.

சனிக்கிழமை ஐம்பத்திரண்டு பேர் வந்தோம்,
மூன்றாம் வகுப்பு பெஞ்சுகளில் முட்டி இடிக்க.
ஹேமாவதி அம்மாவுக்கு முதலில் கை தூக்கினார்கள்.
அடுத்து என் பெயர். வேண்டா.
சிரிப்பு.
நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததற்கு
அப்பா சாமிக்கு எழுதிய மனு அது.
ஆதாரில் இருக்கிறது, ரேஷன் கார்டில் இருக்கிறது,
இப்போது கரும்பலகையில்.
"வேண்டா வேணும்கிறவங்க கை தூக்குங்க"
என்ற டீச்சரும் சிரித்துவிட்டார்.

தபசும் தூக்கினாள்.
பீடி சுற்றும் செல்லியம்மா
தூங்கும் பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டு தூக்கினாள்.
தண்ணி கேன் போடும் ஏழுமலை இரண்டு கையும் தூக்க
ஒன்றை இறக்கச் சொன்னார்கள்.
அவருக்கு இருபத்தைந்து.
எனக்கு இருபத்தேழு.
பேசச் சொன்னார்கள். வரவில்லை.

தீர்மானப் புத்தகம் வந்தது, ஆறு பக்கம் வெறுமையாக.
"கீழ கையெழுத்து மட்டும் போடுங்க,
மேல நான் நிரப்பிக்கறேன். எப்பவும் அப்டித்தான்."
கெட்டவர் இல்லை.
ஆளில்லாமல் கிளார்க் வேலையும் அவரேதான் பார்க்கிறார்.
பேனாவை மூடி அவரிடமே கொடுத்தேன்.
"எழுதுங்க டீச்சர், பக்கத்துல உட்கார்றேன்.
மொதல்ல தாப்பா."

எழுதினார். நான்கு வாரம் ஆகிறது,
மேலிடத்துக்குப் போயிருக்கிறதாம்.

இடையில் ஒரு திங்கட்கிழமை
ஸ்டோர்காரரிடம் கேட்டு வாங்கிய பாதி ரோலோடு போனேன்.
கழிவறைக் கதவில்
ஆணி பிடுங்கிய நான்கு ஓட்டைகளுக்கு நேராக
முதல் அம்பு.
"எனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு" என்று
மொய்த்துக்கொண்டார்கள்.
விசிறிக்கு எட்டாமல் அதன் சுவிட்சுக்கு ஒட்டினார்கள்,
ஆடும் பெஞ்சுக்கு, ஒழுகும் ஓட்டுக்கு நேர் கீழே தரைக்கு.
சின்னவள் தன் பாட்டிலுக்கே ஒட்டிக்கொண்டாள்.

கடைசியில் அந்தப் பையனும் கை நீட்டினான்.
கொடுத்தேன்.
உள்ளங்கையில் வைத்து ஒருமுறை சுற்றிலும் பார்த்தான்.
ஒட்டவில்லை.
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனான்.

எனக்குப் பஸ் போய்விட்டது.
வெளிச்சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன்,
எங்கே ஒட்டப்போகிறான் என்று.