ஐம்பத்தைந்து

விலகக் காரணம் என்ற கட்டத்தில்
'தந்தையின் பணியிட மாற்றம்' என்று இருந்தது.
நடத்தை: நன்று.
சேலத்தில் யாரும் என்னைப் பற்றி
இவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை.

மண்டபத்திலிருந்து ஆறே முக்கால் பஸ்.
உச்சிப்புளி தாண்டும்வரை
மடியில் கோப்பு, கோப்பின் மேல் கை.
உப்புக்காற்றில் நமுத்த ஜெராக்ஸ் தாள்கள்
ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

ராமநாதபுரத்தில், கல்லூரி அலுவலகத்தில்
ஓர் அக்கா என் ஒரு வருடத்தை
விரல் வைத்துப் படித்தார்.
"இயற்கணிதம் சரி. நுண்கணிதம் சரி.
சுற்றுச்சூழல் இங்க வேற பேப்பர்.
திரும்ப எழுதணும்."
எழுதுறேன் என்றேன்.
ஏரி வற்றுவதைப் பற்றிப்
பத்து மதிப்பெண்ணுக்கு எழுதி வந்தவள்.
இங்கே பவளப்பாறையாம்.

மூன்றாம் தடவை போனபோதுதான்
முதல்வரின் பச்சை மை விழுந்தது.
அப்பா பாம்பன் பக்கம் தண்டவாளத்தில் இருந்தார்,
போனை எடுக்கவில்லை.
வாசலில் ஒரு கூறு வெள்ளரிப்பிஞ்சு வாங்கி
நின்றபடியே
முழுதும் தின்றேன்.

வருகைப்பதிவில் அச்சடித்த பெயர்கள்
ஐம்பத்து நான்கில்,
ஹமீதா பர்வீனோடு முடிந்துவிடுகின்றன.
அவளுக்குக் கீழே பேனாவில் நான்,
சௌடேஸ்வரி,
அகர வரிசைக்கு வெளியே.

முதல் நாள் பதிவேட்டை மூடிவிட்டார்கள்.
மேடம், என்றேன்.
நாற்பது தலைகள் திரும்பின.
முன் பெஞ்சிலிருந்து ஹமீதா கேட்டாள்:
"சவுடா?
எங்கூர்ல லாரில அள்ளிட்டுப் போவாங்களே,
அந்த மண்ணா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
"ஐம்பத்தஞ்சு" என்று
அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.