நிந்தவூரில் இறங்கவில்லை

முதலில் நான் சொன்னதே பிழை.
"எல்லாம் சரியாகும் றுஷ்தா" என்றேன்,
மழை விட்டுவிடும் என்பதுபோல.
மூன்று நாள் வேனில் என் பக்கத்துச் சீட் வெறுமை.
அவள் பின்னுக்குப் போய்
ஸ்பெயார் டயரோடு குந்தியிருந்தாள்.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு.
பிரிவு வந்தால் வெளியே போவது ஆண்.
ஒரு சூட்கேஸ், ஒரு அயன்பொக்ஸ்,
அவளுடைய வாப்பா கொண்டுபோனது அவ்வளவுதான்.
மற்றதெல்லாம் அப்படியே:
கேற், கொய்யா, கிணற்றடி மோட்டர்.
அந்த மோட்டர் தட்டினால்தான் ஓடும்.
எங்கே தட்டுவது என்று
அவருக்கு மட்டும் தெரியும்.

காதிக் கோட்டுக்குப் போன திகதி
எங்கள் உம்மாவுக்குத் தெரியும்,
மையவாடி ஒழுங்கைக் கடைக்காரருக்குத் தெரியும்.
எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத்தான்
ஒருவரும் சொல்லவில்லை.
அவள் அதைக் கேட்டது மீன்காரரிடம்,
சூடை நிறுத்துக்கொண்டிருக்கும்போது.
மிச்சக் காசை எண்ணாமல் வாங்கிவந்தாளாம்.

அவளைவிட எனக்கு இரண்டு வயது கூட.
இந்தப் பாடத்தில் நான் சைபர்.
என் வாப்பா வீட்டில் இருக்கிறார்,
டீவிக்கு முன்னால் குறட்டை விடுகிறார்.
அதை அவளிடம் எப்படிச் சொல்வது?
கொஞ்ச நாள் என் வாப்பாவை
வாயில் எடுக்காமலே ஒளித்துவைத்தேன்.
கடைசியில் அவளே கேட்டாள்:
"உங்கட வாப்பாக்கு என்ன, சுகமில்லையா?
அவரப் பத்திக் கதைக்கிறதே இல்ல."
சிரிப்பு வந்தது எனக்கு. அவளுக்கும்.
அடுத்த நாள் டயரை விட்டு
முன்னுக்கு வந்து இருந்தாள்.

மறுகா ஒரு சனிக்கிழமை,
"அக்கரைப்பத்துக்கு வாறியா?
ஒண்டும் கதைக்க வேணாம். சும்மா வா."

ரியூசன் காசில் பஸ் ஏறினோம்.
ஒலுவில் சந்தி தாண்டும்வரை
ரிக்கற்றை மடித்தாள், விரித்தாள்,
மடித்தாள், அது நூலாய்ப் போனது.
நான் வாயைத் திறக்கவில்லை.
வாழ்நாளில் அவ்வளவு நேரம்
நான் பேசாமல் இருந்ததில்லை.

அவர் வேலை செய்யும் ஹாட்வெயார் கடைக்குள்
அவள் தனியாகப் போனாள்.
எதிர்ப்பக்கம் பேக்கரியில் நான்:
ஒரு பிளேன்டீ, ஒரு மீன் ரோல்ஸ்,
அதை ஐம்பது நிமிசம் சாப்பிட்டேன்.
பெயின்ற் வாளிகளுக்கு நடுவில்
இரண்டு தலை தெரிந்தது.
கட்டிப்பிடித்தார்களா தெரியாது,
ஒரு சீமெந்து லொறி வந்து மறைத்துவிட்டது.
லொறி போனபிறகு வாசலில் நின்றார்.
அயன்பொக்ஸைக் கொண்டுபோன மனிசனின்
சட்டை கசங்கியிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் யன்னலோரம் அவள்.
கையில் ஒரு பில் கடதாசி.
பின்பக்கத்தில் பேனையால் கீறிய மோட்டர்,
தட்டவேண்டிய இடத்தில் ஒரு புள்ளடி.
"வேற என்ன சொன்னார்?" என்று
நாக்கு நுனிவரை வந்தது.
ரோல்ஸில் மிஞ்சிய பாதியை நீட்டினேன்.
தின்றாள். அட்டாளைச்சேனை வருமுன்
என் தோளில் தூங்கிப்போனாள்.

எத்தனை இரவின் நித்திரை அது,
வாய் திறந்து, எச்சில் வடிய,
என் பர்தா தோள்மூட்டில் நனைய.

"நிந்தவூர்! நிந்தவூர் இறங்கு!"
கொண்டக்டர் எங்களைப் பார்த்தே கத்தினார்.
பள்ளி தெரிந்தது, எங்கள் ஒழுங்கை தெரிந்தது,
தம்பி சைக்கிள் ஓடுவதுகூடத் தெரிந்தது.
நான் எழும்பவில்லை.
விரலால் "கல்முனை" என்று காட்டி
மிச்சக் காசைக் கொடுத்தேன்.
காரைதீவு போனது.
சாய்ந்தமருது போனது.
தோள் மரத்து, பிறகு அதுவும் தெரியாமல் போனது.

கல்முனை பஸ் ஸ்ராண்டில்
மஃரிப் வாங்கு சொல்லும்போது கண் விழித்தாள்.
"ஊர் வந்திட்டா?"
"வந்து போய்த்து."

உம்மா ஏசியது தனிக் கதை.
திரும்பி வர பஸ்ஸுக்குக் காசு
யாரிடம் இருந்தது என்றுதான்
இன்றுவரை சண்டை.
என்னிடம் என்கிறாள் அவள்.
அவளிடம்தான் இருந்தது,
அந்தக் கடதாசிக்குள் மடித்து.