மூன்றாம் நிலை, வடகிழக்கு மூலை

குடமுழுக்குக்கு முன் கோபுரத்தைச் சுரண்டினோம்.
நீலத்தின் கீழே பச்சை,
பச்சையின் கீழே காவி,
பன்னிரண்டு பன்னிரண்டு ஆண்டாக
உரிந்துகொண்டே போனது பினாங்கு.
அடியில் சுண்ணாம்பு.

மூலையில் தளம் தாங்கும் பூதத்துக்குத்
தொப்பை இல்லை.
விலா எலும்பை எண்ணலாம்.
தோளில் சாக்கு. வலக்கையில்
கிட்டங்கியில் மூட்டை இழுக்கும்
நிஜமான இரும்புக் கொக்கி.

“சாத்திரத்தில் இப்படி இல்லையே”
என்றார் ஸ்தபதி வைரவநாதன்.

செயலாளர் பழைய கணக்கேட்டை விரித்தார்:
செங்கல், கடுக்காய், கருப்பட்டி, கூலி.
சுதை செய்தவன் பெயர் இருக்கவேண்டிய இடத்தைக்
கரையான் தின்றிருந்தது.

தொப்பை வைப்பதா வேண்டாமா என்று
மூன்று கூட்டம் போட்டாயிற்று.
தேநீர்ச் செலவே நாற்பது வெள்ளி.

சாரம் கட்டும் ரஃபிகுல்
சாப்பாட்டு மணி அடித்ததும்
மஞ்சள் தலைக்கவசத்தைக் கழற்றி
அந்தக் கொக்கியில் மாட்டிவிட்டு
இறங்குகிறான்.