பூச்சியக் கல்

ஒல்டென் ரயில் நிலையத்தில்
மேடை ஓரமாக ஒரு கல் நிற்கிறது.
இந்த நாட்டுத் தண்டவாளங்களை
அளக்கத் தொடங்கிய இடமாம்.
காலை ஐந்தே முக்காலுக்கு
அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு
நானும் தொடங்குகிறேன்.

புகார்.
கார்த்திகையில் இந்த ஊருக்கு
வேறு முகம் கிடையாது.
பழைய மரப்பாலம் பாதியில் முடிந்துவிட்டதுபோல் தெரியும்.
கால் வைத்தால் மீதியும் இருக்கும்.

முதல் கிழமை
அந்தப் பாலம் வரைக்கும்தான் மூச்சு வந்தது.
கைப்பிடியைப் பற்றிக்கொண்டு
ஆரே ஆற்றைப் பார்ப்பதுபோல் நின்றேன்.
கடந்து போனவர்கள்
ரசனைக்காரி என்று நினைத்திருப்பார்கள்.
வாத்துகள் நம்பவில்லை.

மருத்துவர் வட்டம் போட்ட எண்
ஆறு தசம் மூன்று.
இது இன்னும் வருத்தமில்லை,
வருத்தத்தின் படலை என்று
அவர் ஜெர்மனில் சொன்னதை
நான் இப்படித்தான் விளங்கிக்கொண்டேன்.
படிவத்தில் ஒரு கேள்வி:
முன்பு ஓடிய பழக்கம் உண்டா?
இல்லை என்று புள்ளடி போட்டேன்.
செருப்பில்லாமல் ஓடியதற்கு
அதில் கட்டம் இருக்கவில்லை.

மூன்று கரண்டிச் சீனி இரண்டாகி, ஒன்றாகி,
இப்போது தேத்தண்ணி
தன் சொந்தக் குணத்தோடு வருகிறது. கசப்புத்தான்.
பழகினால் அதுவும் ஒரு பேச்சுத்துணை.
சோற்றோடு எனக்குப் பகை இல்லை,
தட்டைத்தான் சின்னதாக வாங்கினேன்.
இரவில் குரக்கன் புட்டு,
சனிச்சந்தை மங்கோல்டில் ஒரு வறை.
டிலக்சன் முகர்ந்து பார்த்துவிட்டு
பீட்சாவுக்குத் தொலைபேசி எடுக்கிறான்.
அந்தப் பெட்டியின் மூடியைத் திறந்து
ஓரத்துத் துண்டொன்றை
நின்றபடியே தின்ற இரவுகளும் உண்டு,
எழுதி வைக்காத கிலோமீற்றர்கள் போல.

இருட்டில் கார் அடிக்கும் என்று
குகநேசன் ஒரு செம்மஞ்சள் அங்கி கொண்டுவந்தார்,
அவருடைய வீதி வேலைத் தளத்தில் இருந்து.
முழங்கால் வரைக்கும் தொங்குகிறது.
“எந்தத் தெருவைக் கிண்டப் போகிறாய்?” என்று
ரெகுலா சிரித்தாள்.
சலவை அறையில் என்னோடு படுக்கை விரிப்பு மடிப்பவள்,
செவ்வாயும் வெள்ளியும் என்னோடு ஓடுகிறவள்.
மேட்டில் கதைத்துக்கொண்டே ஏறுவாள்.
எனக்கு மேட்டில் மொழி இல்லை.
“யா” என்று மட்டும் சொல்வேன்,
அதையும் இரண்டு மூச்சில்.

இடது முழங்காலுக்கு நீலநிற ஒட்டு.
பெருவிரல் நகம் ஒன்று கறுத்து விழுந்து
வேறொன்று முளைக்கிறது, கொஞ்சம் கோணலாக.

பூப்புனித நீராட்டு மண்டபத்தில்
ரோல்ஸ் தட்டு என்னை மூன்று தரம் சுற்றிப் போனது.
நாலாம் தரம் ஒன்று எடுத்தேன்.
பொய் எதற்கு, இரண்டு.
ஜெயகௌரி அக்கா மணிக்கட்டைப் பிடித்தா:
“என்னடியப்பா, இப்பிடி வத்திப்போனாய்?
சீனியோ? வீட்டிலை ஏதும் கரைச்சலோ?”
“இல்லையக்கா, ஓடுறன்.”
“ஓடுறியோ? ஆர் துரத்திறது?”

மேசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.
“ஒருத்தருமில்லை” என்று சொல்ல வாயெடுத்தபோது
பாட்டுப்பெட்டி பெரிதாக அலறியது.
அந்தச் சொல் வாய்க்குள்ளேயே
வீடு வரைக்கும் வந்தது.
காரில் ஒருமுறை, மெதுவாக,
சொல்லிப் பார்த்தேன்.
“என்ன?” என்றார் குகநேசன்.
“ஒண்டுமில்லை. பச்சை விழுந்திட்டுது, எடுங்கோ.”

திரும்பி வரும்போது ஆறு இருபத்தைந்து.
மேடையில் ஆட்கள் விலகி வழி விடுவார்கள்,
ரயிலைத் தவறவிடப் போகிறாள் பாவம் என்று.
நேற்று ஒரு பொடியன்
மூடப்போன கதவைக் காலால் மறித்து
கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டான்:
வாருங்கள், வாருங்கள், வந்துவிட்டீர்கள்!
எந்த ஊர் ரயிலோ.
நன்றி என்று கத்திக்கொண்டு
அவனைத் தாண்டி ஓடினேன்
கல் வரைக்கும்.